மூன்றாம் நாள் வீக்கம்

அம்மாக்கண்ணு: ...தோள்பட்டையில இருந்து முழங்கை வரைக்கும் ஒரே எரிச்சல். கைய தலைக்கு மேல தூக்க முடியல. இன்னைக்கு இருபத்தொரு கிலோ கொழுந்து எடுத்தேன். மாட்டு கழுத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல என் கழுத்தப் பாரு புள்ள.

ஜெயந்தினி: நான் மாட்டுக்குத்தான் சம்பளம் வாங்குறேன் அத்தை.

அம்மாக்கண்ணு: அதான் பாக்குறேன். இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து, கண்டி வரைக்கும் போய் படிச்சு, கடைசில மாட்டுக்கு டாக்டரா வந்து நிக்கிற.

ஜெயந்தினி: டாக்டர் இல்ல. லேப்ல உதவியாளர்.

அம்மாக்கண்ணு: அப்ப டாக்டருக்குக் கங்காணி.

ஜெயந்தினி: ...அப்படியும் வச்சுக்கலாம். மாட்ட கொட்டிலுக்கு வெளிய கொண்டாங்க. இருட்டா இருக்கு. கயித்தக் குட்டையா புடிங்க.

அம்மாக்கண்ணு: வா... வாடி வெளிய. வான்னு சொல்றேன்ல. ஏய்!

ஜெயந்தினி: உங்க பேச்ச கேக்க மாட்டேங்குதே.

அம்மாக்கண்ணு: நீ இருக்கேல்ல, அதான் வெக்கம்.

ஜெயந்தினி: மாட்டுக்கு வெக்கமா?

அம்மாக்கண்ணு: செவ்வாக்கெழம வந்து ரெண்டு எடத்துல மயிர வழிச்சு ஊசி குத்திட்டுப் போன. இன்னைக்கு வெள்ளி. மறக்குமா? ...இந்தா, நின்னுருச்சு. பாரு.

ஜெயந்தினி: அசையாம புடிங்க. மேல ஊசி போட்ட எடத்துல தோல் தடிப்பு எட்டு மில்லிமீட்டர். செவ்வாக்கெழம ஏழு. அது சரி.

அம்மாக்கண்ணு: தேறிருச்சா?

ஜெயந்தினி: அது கோழி, குருவிக்கு வர்ற கிருமிக்குப் போட்ட ஊசி. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு. கீழ போட்டதுதான் மாட்டுக் காசத்துக்கு. இருங்க... தலைய தூக்காம புடிங்க அத்தை.

அம்மாக்கண்ணு: புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ சீக்கிரம் அள.

ஜெயந்தினி: கீழ இருபத்தி ரெண்டு.

அம்மாக்கண்ணு: இருபத்தி ரெண்டுன்னா?

ஜெயந்தினி: ஏழு இருந்த எடத்துல இருபத்தி ரெண்டு. தொட்டுப் பாருங்க. எலுமிச்சங்காய் மாதிரி நிக்குது.

அம்மாக்கண்ணு: அட்டை கடிச்சிருக்கும்.

ஜெயந்தினி: அட்டையா?

அம்மாக்கண்ணு: மூணு நாளா மழை. புல்லு வெட்டப் போனா என் கால்லயே ஏழெட்டு ஏறுது. மாட்ட விடுமா?

ஜெயந்தினி: நான் வழிச்ச எடமாப் பாத்து, அதுலயும் கீழ் எடமாப் பாத்துக் கடிச்சுச்சா?

அம்மாக்கண்ணு: மயிர் இல்லாத எடம் அதுக்கு வசதி.

ஜெயந்தினி: இன்னொரு தடவ அளக்குறேன். ...இருபத்தி ரெண்டுதான். அத்தை, இது காசம்.

அம்மாக்கண்ணு: காசமா? இது இருமவே இல்லையே!

ஜெயந்தினி: எது இருமுது?

அம்மாக்கண்ணு: எதுவும் இருமல. பொதுவா சொன்னேன்.

மூக்கன்: யாரு அங்க? நிஷாந்தியா?

அம்மாக்கண்ணு: நீங்க படுங்க. நம்ம ஜெயந்தினி. மாட்டப் பாக்க வந்திருக்கு.

மூக்கன்: உள்ள வரச் சொல்லு புள்ளய. எந்திரிச்சு வரணும்னா முதுகு விட மாட்டேங்குது.

ஜெயந்தினி: இருங்க மாமா, வேலைய முடிச்சிட்டு வாறேன்.

அம்மாக்கண்ணு: மெதுவா பேசு. எங்க வீட்டு மனுசனுக்கு காது மட்டும் நல்லா கேக்கும். ...சரி, காசம்னா என்னா செய்வீங்க? மருந்து குடுப்பீங்களா?

ஜெயந்தினி: மாட்டுக்கு மருந்து குடுக்குறதில்ல.

அம்மாக்கண்ணு: ஏன்? மனுசனுக்கு குடுக்குறீங்க.

ஜெயந்தினி: மாசக்கணக்கா குடுக்கணும். அது வரைக்கும் மத்த மாட்டுக்கும் மனுசனுக்கும் பரப்பிக்கிட்டே நிக்கும். நாளைக்கு மிருக வைத்திய ஆபீஸ்ல இருந்து வருவாங்க. தனியா கட்டச் சொல்லுவாங்க. பால் கறந்து குழி வெட்டி ஊத்தணும். இன்னொரு தடவ பாக்கணும்னா பாப்பாங்க. அப்புறம்...

அம்மாக்கண்ணு: அப்புறம்?

ஜெயந்தினி: கொண்டு போயிருவாங்க.

அம்மாக்கண்ணு: கொண்டு போய் புல்லு போடுவாங்களா?

ஜெயந்தினி: இல்ல.

அம்மாக்கண்ணு: வேற மாடு குடுப்பாங்களா?

ஜெயந்தினி: எழுதிப் போடலாம். வரும்னு நான் சொல்ல மாட்டேன்.

அம்மாக்கண்ணு: இந்த மாட்டப் பாரு புள்ள. நல்லா பாரு. தோல் எப்படி மினுங்குது. காலைல ஆறு போத்தல், அந்திக்கு நாலு. போட்ட புல்லுல ஒரு ஈர்க்கு மிஞ்சாது. இந்த லயத்துலயே இதுதான் நல்ல மாடு. கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். அதனாலதானே...

ஜெயந்தினி: அதனாலதானே என்னா?

அம்மாக்கண்ணு: அதனாலதானே கேக்குறேன். காசம் வந்த மாடு மெலியாதா? இருமாதா? உன் ஊசி பழசா இருக்கும்.

ஜெயந்தினி: ஊசி புதுசு. கிருமி உள்ள இருக்கு, வேலைக்கு எறங்கல. அவ்வளவுதான்.

அம்மாக்கண்ணு: ஏன், ஸ்ட்ரைக்கா?

ஜெயந்தினி: பெரட்டுல பேர் கூப்பிடலன்னு வச்சுக்கங்க.

அம்மாக்கண்ணு: கேலி பண்ணாத. காலைல ஆறரைக்கு வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல போய் நிக்கிறவகிட்ட பெரட்டக் காட்டாத.

ஜெயந்தினி: கேலி இல்ல அத்தை. உண்மையாவே அப்படித்தான். ஒரு கிருமி எத்தனை சின்னது... அதுக்குள்ள ஜீன்னு நாலாயிரம் கிட்ட இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை தெரியும்.

அம்மாக்கண்ணு: நாலாயிரமா! எங்க டிவிசன்ல நூத்திப் பத்துப் பேரு. அதுக்கே ஆளுக்கொரு நியாயம்.

ஜெயந்தினி: நாலாயிரம் பேரையும் தினமும் வேலைக்கு விட்டா...

அம்மாக்கண்ணு: தோட்டம் நொடிச்சுப் போயிரும்.

ஜெயந்தினி: அதேதான். கிருமியும் நொடிச்சுப் போயிரும். அதனால, இன்னைக்கு யார் கொழுந்து பறிக்க, யார் செடி கவ்வாத்து வெட்ட, யார் வீட்டுல இருக்கிறதுன்னு தினமும் பிரிக்கணும். பேர் பட்டியல் எல்லாக் கிருமிலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். யாரக் கூப்பிடுதுங்கிறதுலதான் விசயம் இருக்கு.

அம்மாக்கண்ணு: யாரு கூப்பிடுறது? அதுக்குள்ளயும் ஒரு கங்காணியா?

ஜெயந்தினி: இருக்கான். கிருமி தோலுல ஒருத்தன் நிக்கிறான். வெளிய என்னா நடக்குதுன்னு பாக்குறது அவன் வேலை. உள்ள இன்னொருத்தன் இருக்கான். வெளிய நிக்கிறவன் சேதி சொன்னா உள்ள இருக்கவன் பேரக் கூப்பிடுவான்.

அம்மாக்கண்ணு: வெளிய நிக்கிறவன் கங்காணி. உள்ள நிக்கிறவர் கங்காணிக்கு மேல இருக்க கண்டாக்கையா.

ஜெயந்தினி: சரி.

அம்மாக்கண்ணு: கண்டாக்கையா மலைக்கு வர மாட்டாரு. ஆபீஸ்ல இருந்துகிட்டே எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாரு. பொருத்தம்தான். ...வெளிய என்னாத்தப் பாக்குறான் இவன்?

ஜெயந்தினி: புளிப்ப, அமிலம்னு சொல்றத. மாட்டு நுரையீரல்ல காவக்கார செல்லு இருக்கு. கிருமி வந்தா முழுங்கிரும். முழுங்கி, புளிப்ப ஊத்தி கரைக்கப் பாக்கும். அந்தப் புளிப்பு பட்ட ஒடனே கங்காணி சத்தம் போடுவான். உள்ள இருக்கவர் ஆள எறக்குவாரு. சிலர் கிருமி தோலுக்கு மெழுகு பூசுவாங்க, கரையாம இருக்க. சிலர் காவக்காரன் வயித்துல ஓட்டை போடுவாங்க.

அம்மாக்கண்ணு: முழுங்கினவன் வயித்துக்குள்ள இருந்துகிட்டே?

ஜெயந்தினி: ஆமா.

அம்மாக்கண்ணு: நம்ம சங்கத்துக்காரங்க தொரை பங்களாவுக்குள்ள போனா தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிய வருவாங்க. இதுக உள்ள போயும் வேலை செய்யுதுக. சிரிக்கலாம் புள்ள, யாரும் சம்பளத்துல வெட்ட மாட்டாங்க. சரி, இந்த மாட்டுல ஏன் எறங்கல?

ஜெயந்தினி: இது பலமான மாடு. கிருமியச் சுத்தி சுவர் கட்டி அடைச்சிருக்கும். அடைச்சா உள்ள காத்து கொறையும். காத்து கொறைஞ்சா அதப் பாக்க வேற ஒரு கங்காணி இருக்கான். அவன் சொல்லுவான், எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் காம்பராவுக்குப் போய் படுங்கன்னு. படுத்துரும். வருசக்கணக்கா படுக்கும். சாகாது. மாடு பாட்டுக்கு திங்கும், கறக்கும், மினுங்கும்.

அம்மாக்கண்ணு: எப்ப எந்திரிக்கும்?

ஜெயந்தினி: கன்னு போட்டு ஒடம்பு தளர்ந்தா. தீனி கொறைஞ்சா. வேற நோய் வந்தா. சுவர் இடியும், காத்து வரும், பெரட்டு அடிச்சிரும்.

அம்மாக்கண்ணு: அப்ப... பாத்து நல்ல மாடு எதுன்னு சொல்ல முடியாது.

ஜெயந்தினி: முடியாது.

அம்மாக்கண்ணு: மினுக்கத்த வச்சு?

ஜெயந்தினி: முடியாது.

அம்மாக்கண்ணு: இருமுற மாடு இருந்தா?

ஜெயந்தினி: அது காசமாவும் இருக்கலாம். குளிராவும் இருக்கலாம். நெஞ்சுல புழுவா இருக்கலாம். ஊசி போட்டாத்தான் தெரியும்.

அம்மாக்கண்ணு: அப்ப இருமுற மாடு தேறியிருந்தாலும் தேறியிருக்கும்.

ஜெயந்தினி: எந்த மாடு அத்தை?

அம்மாக்கண்ணு: பொதுவா.

ஜெயந்தினி: ...பொதுவா தேறியிருக்கலாம்.

அம்மாக்கண்ணு: தலையெழுத்து.

மூக்கன்: அம்மாக்கண்ணு! ராசம்மா போன் அடிச்சா. நீ மலையில இருந்த நேரம். சொல்ல மறந்துட்டேன்.

அம்மாக்கண்ணு: அப்புறம் சொல்லுங்க.

மூக்கன்: மகளுக்கு பொம்பளப் புள்ளயாம். ரெண்டும் சொகம். நாளைக்கு காலைல வட்டவளையில ரயில் ஏறுறாளாம். மாடு எப்படி இருக்குன்னு கேட்டா.

அம்மாக்கண்ணு: அப்புறம் சொல்லுங்கன்னா அப்புறம் சொல்லுங்க!

ஜெயந்தினி: ராசம்மா அக்கா பிரசவம் பாக்கப் போயிருக்காங்களா?

அம்மாக்கண்ணு: பத்து நாளாச்சு.

ஜெயந்தினி: அவங்க மாட்ட யாரு பாக்குறது?

அம்மாக்கண்ணு: யாராச்சும் பாப்பாங்க. பக்கத்து காம்பரா, விட்டுட்டுப் போனா பாக்காம இருக்க முடியுமா?

மூக்கன்: இவதான் பாக்குறா. ரெண்டு எடத்துக்கு புல்லு சுமக்கிறா. அதான் தோளு போச்சு. சொன்னா கேட்டாத்தானே.

ஜெயந்தினி: ரெண்டு எடமா?

அம்மாக்கண்ணு: கொட்டிலுக்கு ஒரு கட்டு. முயலுக்கு ஒரு கட்டு.

ஜெயந்தினி: முயல் எப்ப வாங்குனீங்க?

அம்மாக்கண்ணு: வாங்கப் போறோம்.

ஜெயந்தினி: ...சரி. மூக்குல பஞ்சு விட்டு ஒரு சாம்பிள் எடுக்கணும். தலைய ஏந்திப் புடிங்க.

அம்மாக்கண்ணு: காசம்னு தெரிஞ்சிருச்சே, இன்னும் என்னாத்துக்கு?

ஜெயந்தினி: இந்தக் கிருமில யாரு சத்தம் போடுறான்னு பாக்க. மனுசக் காசத்துல வெளிய நிக்கிற கங்காணிக்குக் காது கூர்மை. மாட்டுக் காசத்துல அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். மாட்டுல இருந்து பால் வழியா மனுசனுக்கு வரும். ஆனா அந்த மனுசன்கிட்ட இருந்து இன்னொரு மனுசனுக்கு அவ்வளவா போறதில்ல. இந்த மந்தம்தான் காரணம்னு நெனைக்கிறாங்க.

அம்மாக்கண்ணு: செவிட்டுக் கங்காணி கெடச்சா யாருக்கும் நல்லதுதான்.

ஜெயந்தினி: எப்பவாச்சும் ஒரு கிருமில உள்ள இருக்கவரு கங்காணிக்குக் காத்திருக்க மாட்டாரு. தானே கத்த ஆரம்பிச்சிருவாரு. அது மனுசனுக்கு மனுசன் பரவும். அப்படி ஒண்ணு இந்தப் பக்கம் இருக்கான்னு தேடுறோம்.

அம்மாக்கண்ணு: கண்டுபிடிச்சா?

ஜெயந்தினி: எழுதுவோம்.

அம்மாக்கண்ணு: எழுதினா மாடு பொழைக்குமா?

ஜெயந்தினி: இல்ல.

அம்மாக்கண்ணு: நல்ல உத்தியோகம். ...நீ வந்த அன்னைக்கே என் பொழப்புல ஒரு மண்ணு விழுந்துச்சு, தெரியுமா? ஊசி போட்டுட்டு நீ எறங்கின கையோட புள்ளக்காம்பராவுல புள்ளைகளப் பாத்துக்கிற நிஷாந்தி வந்து, இனி அங்க என் பால் வேணாம்னுட்டா. மாப்பால் கரைச்சுக் குடுக்குறாளாம் புள்ளைகளுக்கு.

ஜெயந்தினி: நான்தான் சொன்னேன். முடிவு வர்ற வரைக்கும்.

அம்மாக்கண்ணு: நாப்பது மாட்டுக்கு ஊசி போட்ட. மத்த யார் பாலையும் நிறுத்தச் சொல்லல. விசாரிச்சேன்.

ஜெயந்தினி: மத்த யாரும் புள்ளக்காம்பராவுக்கு ஊத்தல.

அம்மாக்கண்ணு: ...அது சரிதான்.

மூக்கன்: பால் கறக்கலையா இன்னும்? நேரமாச்சு. என் செம்பு எங்க?

ஜெயந்தினி: மாமாவுக்கு எதுக்கு செம்பு?

அம்மாக்கண்ணு: தேத்தண்ணிக்கு.

மூக்கன்: தேத்தண்ணிக்கா? யாருக்கு வேணும் தேத்தண்ணி. கறந்த சூட்டோட ஒரு செம்பு, நொரை அடங்கறதுக்கு முன்ன. அதான் என் மருந்து. இந்தா, நானே எந்திரிச்சு வந்துட்டேன்... ஆ... அம்மாடி...

ஜெயந்தினி: மெதுவா மாமா. செவுத்தப் புடிங்க. காய்ச்சாமலா குடிக்கிறீங்க?

மூக்கன்: காய்ச்சினா அதுல என்னா சத்து இருக்கு? முதுகுக்கு அதுதான் பலம்.

ஜெயந்தினி: எத்தனை நாளா குடிக்கிறீங்க?

மூக்கன்: நாளா? ரெண்டு வருசமாச்சு. மாடு தலைக்கன்னு போட்டதுல இருந்து.

ஜெயந்தினி: முதுகு எப்ப இருந்து?

மூக்கன்: தைப்பொங்கலுக்கு அப்புறம். மொதல்ல ஒரு எடத்துல குத்துச்சு. இப்ப குனிய முடியல. கால் மரத்துப் போவுது. தைலம் போட்டா அன்னைக்கு நல்லா இருக்கும்.

ஜெயந்தினி: காச்சல்?

மூக்கன்: அந்தியானா லேசா காயும். ராத்திரி பனியன் நனையும். வயசாச்சுல்ல.

ஜெயந்தினி: சாப்பாடு?

அம்மாக்கண்ணு: ஒரு ரொட்டியப் பிச்சு வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டு இருப்பாரு. கால்சட்டை இடுப்புல நிக்க மாட்டேங்குது. ...ஏன் புள்ள அப்படிப் பாக்குற?

ஜெயந்தினி: முதுகக் காட்டுங்க மாமா. ...இங்கயா?

மூக்கன்: அய்யோ! அங்கதான். கைய எடு, கைய எடு.

ஜெயந்தினி: எலும்பு ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குது. டிஸ்பென்சரில காட்டலையா?

மூக்கன்: காட்டினேன். பெயின் கில்லர் குடுத்தாங்க. பாரம் தூக்காதீங்கன்னாங்க. ரிட்டயர் ஆனவன் என்னாத்த தூக்க?

ஜெயந்தினி: அத்தை, காசம் நெஞ்சுல மட்டும் வராது. முதுகெலும்புலயும் வரும்.

மூக்கன்: காசமா? யாருக்கு? நான் இருமவே இல்லையே.

ஜெயந்தினி: நீங்களும் அதையே சொல்லாதீங்க மாமா. இதுன்னு நான் சொல்ல முடியாது, நான் மாட்டுக்குத்தான். ஆனா நாளைக்கு காலைல நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகணும். படம் புடிக்கணும். ஊசி விட்டு உள்ள இருந்து எடுத்துப் பாக்கணும்.

மூக்கன்: நாளைக்கா? நாளைக்கு ராசம்மா வருதுல்ல.

அம்மாக்கண்ணு: ராசம்மாவுக்கு நீங்க மேளம் அடிக்கணுமா? போகச் சொன்னா போங்க! ...புள்ள, மருந்து இருக்குல்ல? மனுசனுக்கு இருக்குல்ல?

ஜெயந்தினி: இருக்கு. ஒழுங்கா குடிச்சா சொகமாகும். ஆனா ஒரு விசயம் இருக்கு. வழக்கமா நாலு மாத்திரை சேத்து ஆரம்பிப்பாங்க. அதுல ஒண்ணு மாட்டுக் கிருமிக்கு கேக்காது.

அம்மாக்கண்ணு: ஏன் கேக்காது?

ஜெயந்தினி: அந்த மாத்திரை தானா நஞ்சு இல்ல. கிருமிக்குள்ள இருக்க ஒரு ஆள்தான் அத நஞ்சா மாத்தணும். மாட்டுக் கிருமில அந்த ஆளுக்கு கை வராது. அதனால மாட்டுக் காசம்னா அத விட்டுட்டு, மத்ததக் கூட நாள் குடுக்கணும்.

அம்மாக்கண்ணு: ஆஸ்பத்திரில கண்டுபிடிக்க மாட்டாங்களா?

ஜெயந்தினி: கண்டுபிடிப்பாங்க. கிருமிய வளத்துப் பாக்க ரெண்டு மாசம் போகும். அதுவும் யாராச்சும் மாட்டப் பத்தி சொன்னாத்தான் அந்தக் கோணத்துல தேடுவாங்க. அந்த ரெண்டு மாசத்துல முதுகெலும்பு எந்தப் பக்கம் சாயும்னு தெரியாது. அதனால நான் ஒரு கடுதாசி தாறேன். எந்த மாட்டுப் பால் குடிச்சாரு, அந்த மாட்டுக்கு என்னா முடிவு வந்துச்சு. ரெண்டும் அதுல இருக்கணும்.

அம்மாக்கண்ணு: அதுல என்னா இருக்கு. எழுதிக் குடு.

ஜெயந்தினி: எழுதுறேன். சொல்லுங்க. மாடு, கறுப்பு வெள்ளை கலப்பு. காதுல நம்பர் இல்ல. சொந்தக்காரர், அம்மாக்கண்ணு. ஊசி முடிவு, காசம் இருக்கு. மூக்கன் மாமா ரெண்டு வருசமா காய்ச்சாம குடிச்சது இந்த மாட்டுப் பால். ...அப்படி எழுதவா?

அம்மாக்கண்ணு: அப்படி எழுதினா என்னா செய்வாங்க?

ஜெயந்தினி: மாட்டுக் காசமா இருக்கும்னு அந்த ஒரு மாத்திரைய நிறுத்தலாம்.

அம்மாக்கண்ணு: அது தேவையான மாத்திரையா இருந்தா? மாமாவுக்கு வந்தது மாட்டுக் காசமா இல்லாம, மனுசக் காசமா இருந்தா?

ஜெயந்தினி: தேவையான மருந்த வெட்டின மாதிரி ஆயிரும்.

அம்மாக்கண்ணு: எழுதாம விட்டா?

ஜெயந்தினி: கேக்காத மருந்த குடுத்துக்கிட்டு இருப்பாங்க. இருக்கிறத இருக்கிற மாதிரி எழுதினாத்தான் டாக்டர் யோசிக்க முடியும்.

மூக்கன்: என்னாத்துக்கு இவ்வளவு பேச்சு? நம்ம மாட்டுப் பாலத்தானே குடிச்சேன். எழுதும்மா. இந்த...

அம்மாக்கண்ணு: நீங்க உள்ள போங்க.

மூக்கன்: நான் என்னா சொன்னேன் இப்ப?

அம்மாக்கண்ணு: ஒண்ணும் சொல்லல. சொல்லாம உள்ள போங்க. குளிருது. போர்வையப் போட்டுக்கிட்டு படுங்க. செம்பு வேணாம். இனி எப்பவும் வேணாம்.

மூக்கன்: போறேன், போறேன். என் காம்பராவுல எனக்கே அதிகாரம் இல்ல...

ஜெயந்தினி: பாத்து மாமா, படி.

அம்மாக்கண்ணு: ...போயிட்டாரா?

ஜெயந்தினி: போயிட்டாரு.

அம்மாக்கண்ணு: கதவ சாத்து.

ஜெயந்தினி: சாத்திட்டேன்.

அம்மாக்கண்ணு: உனக்கு பெரட்டு தெரியும்னு சொன்னல்ல. ஒண்ணு தெரியாது. எனக்கு ஒடம்பு முடியாத அன்னைக்கு ராசம்மா என் பேர்ல போய் நிப்பா. அவ கூடையில பாதிய என் பேருக்கு நிறுப்பா. அவளுக்கு முடியாத அன்னைக்கு நான் போய் நிப்பேன். பதினெட்டு வருசமா. கங்காணிக்குத் தெரியும். பேருக்கு ஒரு ஆள் நிக்குதுன்னு பேசாம இருந்துருவாரு.

ஜெயந்தினி: ம்.

அம்மாக்கண்ணு: கர்ப்பப்பை எடுத்தப்ப நாப்பது நாள் அவதான் நின்னா. ஒரு நாள் பேர் கூட விட்டுப் போகாம காப்பாத்தினா.

ஜெயந்தினி: ம்.

அம்மாக்கண்ணு: ம், ம்னு சொல்லாத புள்ள. கேளேன், எதையாச்சும்.

ஜெயந்தினி: நீங்களே சொல்லுங்க. நான் கேட்டு நீங்க சொன்னா வேற. நீங்களா சொன்னா வேற.

அம்மாக்கண்ணு: நம்ம மாடு மூணு மாசமா இருமுது. நீ ஊசி போட வாறேன்னு பட்டியல் ஒட்டினாங்க. இருமுற மாட்ட எப்படிக் கொண்டாந்து உன் முன்னுக்கு நிறுத்துறது? ரெண்டு மாசத்துல எனக்கு ரிட்டயர். அப்புறம் அந்தப் பால்தான் சோறு. பக்கத்துல ராசம்மா மாடு நிக்குது, மினுங்கிக்கிட்டு. ஒரே கறுப்பு வெள்ளை. அவ ஊர்ல இல்ல. பேருக்கு ஒரு மாடு நின்னா போதும்னு... ஊசிதானே, குத்தினா ஒரு நாள் வலிக்கும், போயிரும்னு நெனச்சேன். இது நம்ம மாடு இல்ல புள்ள. ராசம்மா மாடு. நாளைக்கு அவ வந்து எறங்குவா. என் மாடு எப்படி இருக்குன்னு கேப்பா. கொண்டு போயிட்டாங்கன்னு சொல்லணும்... நீ அந்தக் கடுதாசில பேர மாத்து. மாமா குடிச்சது இந்தப் பால் இல்லன்னு எழுது. என்னைப் பத்தி என்னா எழுதணுமோ அதையும் எழுது.

ஜெயந்தினி: உங்களப் பத்தி மட்டும் எழுத முடியாது அத்தை. செவ்வாக்கெழம பஸ் கெடைக்காம குறுக்கு வழியா ஏறி வந்தேன். மேல கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்துல உங்க மாட்ட கட்டியிருந்தீங்க. என்னப் பாத்து மூணு தடவ இருமுச்சு. இங்க வந்தா இது நிக்குது. ராசம்மா அக்கா மாடுன்னு தெரிஞ்சுதான் ஊசி போட்டேன். இது தேறிரும், நீங்களும் தப்பிச்சிருவீங்க, எனக்கும் நாப்பது மாட்டுக் கணக்கு முடிஞ்சிரும்னு உங்க பேர எழுதினேன். எறங்குற வழியில, இருமுற மாட்டுப் பால் புள்ளைகளுக்குப் போகுதேன்னு பயந்து போய் நிஷாந்திகிட்ட பால நிறுத்தச் சொன்னேன். மாமாவ நெனைக்கவே இல்ல. நாளைக்கு விடிஞ்சதும் உங்க மாட்டுக்கு ஊசி போடுறேன், கடுதாசிய இப்பவே மாத்தி எழுதுறேன், அதெல்லாம் தாள்ல சரியாயிரும். ராசம்மா அக்காவுக்கு நாம ரெண்டு பேரும் ஒரு கறவை மாடு கடன்.